தபால்காரி சோனுனும் ஊல்கானின் ஓய்வூதியமும்

எங்கள் ஊர் அத்-பாஷியிலிருந்து மாகாணத் தலைநகர் நாரினுக்கு வேன் ஓட்டுகிறவன் நான். பதினெட்டு வருடத்தில் என் வண்டியில் ஏறாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் முன் சீட்டைத் துடைத்துக் கொடுத்து நான் உட்காரவைக்கும் ஆள் ஒருவர்தான். சோனுன் அக்கா. பணிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். துடைக்காவிட்டால் நாரின் வரைக்கும் திட்டு விழும்.

அக்கா முப்பது வருடம் குதிரைமேல் தபால் கொண்டுபோனவர். எங்கள் பக்கம் முதியோருக்கு ஓய்வூதியமும் தபாலோடுதான் வீடு தேடி வரும். மாதாமாதம் வீடு வீடாகப் பணம் கொடுத்ததில் யாருக்கு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். ஒரே கூட்டுப்பண்ணையில், ஒரே கொட்டிலில் பால் கறந்த இரண்டு பேருக்கு ஏன் வேறு வேறு தொகை என்று அவருக்கு உறுத்தியது. நமக்கு உறுத்தினால் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு மறந்துவிடுவோம். இவர் நாரினுக்குப் போய் ஓய்வூதியச் சட்டத்தையே வாங்கிவந்தார். ஒரு குளிர்காலம் முழுக்கக் கணப்படுப்பு ஓரத்தில் உட்கார்ந்து படித்தார். அவர் கணவர் அந்தக் குளிர்காலத்தில் தானே சமைக்கக் கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஐம்பத்தெட்டு வயதை நெருங்கும் பெண்களெல்லாம், வேலை பார்த்த வருடங்களைப் பதிந்துவைக்கும் பணிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். எத்தனை பிள்ளை பெற்றாய், மலையில் எத்தனை வருடம் இருந்தாய், நடுவில் எங்கே வேலை மாறினாய் என்று போலீஸ்காரர் மாதிரி கேட்பார். ஒரு வருடத்தை விட்டுவிட்டுச் சொன்னால் முறைப்பார். காசு வாங்கமாட்டார். ஆட்டிறைச்சி கொண்டுவந்தால் எதற்கு இதெல்லாம் என்று கோபிப்பார். ஆனால் எதையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

இப்படித்தான் ஊல்கான் வந்தாள். கணவனை இழந்தவள், அமைதியானவள், நாலு வார்த்தை பேசினால் மூன்றை விழுங்கிவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் அக்-சாய் மேய்ச்சல் மலையில் கிடந்தவள். கணவனுடைய அண்ணன்தான் பண்ணையின் தலைமை மேய்ப்பர். அறுநூறு ஆடு அவர் பொறுப்பு. ஊல்கானுக்கோ பணிப் புத்தகமே கிடையாது. ஓய்வூதிய அலுவலகத்தில் அடிப்படைத் தொகை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு மூட்டை மாவு வாங்கினால் நிலக்கரி வாங்க முடியாது. நாட்டின் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த மகன், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று ஒவ்வொரு வாரமும் போன் செய்துகொண்டிருந்தான். ஐந்தாவது மாடியில் ஒன்றரை அறை. அங்கே போனால் செத்துவிடுவேன் என்று ஊல்கான் என் வண்டியில் வைத்து ஒருமுறை அழுதிருக்கிறாள்.

மூன்று முறை அவள் தனியாகப் போய் விண்ணப்பித்திருக்கிறாள். மூன்று முறையும் இல்லை என்று தாள் வந்திருக்கிறது. அன்று நானும் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். மூன்றிலும் ஒரே வரி: தலைமை மேய்ப்பர் யார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை.

“அவங்க கேட்டப்ப நீ என்ன சொன்ன?”

“எங்க வீட்டுப் பெரியவருன்னு சொன்னேன். எந்தப் பெரியவருன்னு கேட்டாங்க. வெள்ளக் குதிரக்காரருன்னு சொன்னேன்.”

அக்கா சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும். கணவன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை எங்கள் மருமகள்கள் வாயால் சொல்லமாட்டார்கள். ஆள் இறந்து மண்ணுக்குள் போனாலும் சொல்லமாட்டார்கள். அதற்காக ஓய்வூதியத்தையே விட்டுவிடுவாளா ஒருத்தி? எனக்குத் தடையில்லை, நான் சொல்கிறேன்: தொக்தோர்பாய். பண்ணையின் சம்பளத் தாள்களெல்லாம் தலைமை மேய்ப்பர் பெயரில்தான் கட்டிவைக்கப்பட்டிருந்தன. அந்தப் பெயர் இல்லாமல் ஆவணக் காப்பகத்தில் ஒரு தாளைக்கூட எடுக்க முடியாது.

“பேரச் சொல்ல முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, வேற யாரையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாமே” என்று நான் கேட்டேன்.

“அந்தத் தாள்ல எனக்குத்தான் ஒண்ணும் இருக்காதே அண்ணே. நான் சும்மா மந்தையோட கூடப் போனவதானே” என்றாள் ஊல்கான்.

மறுநாள் மூவரும் நாரினுக்குப் போனோம். ஓய்வூதிய அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதே கேள்வியைக் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விண்ணப்பித்தவர்தான் சொல்ல வேண்டும் என்று என் வாயை அடைத்துவிட்டாள். ஊல்கான் தரையைப் பார்த்தாள். பின்னால் நின்ற வரிசை முனகியது.

அக்கா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஊல்கான் கையில் திணித்தார். தபால் விதிப்படி, வாங்குகிறவர் பெயரைக் கூப்பிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் அக்காவின் கணவர் வீட்டு மூத்த ஆண்கள் மட்டும் அந்தத் தெருவில் ஒன்பது பேர். முப்பது வருடமும் அந்த ஒன்பது வாசலில் நின்று தொண்டையைச் செருமி, ரசீதை நீட்டி, பெயரை அவர்களையே எழுதவைத்துத்தான் பணம் கொடுத்திருக்கிறார். இதற்காகத் தபால் அதிகாரியிடம் வாங்கிய ஏச்சும் கொஞ்சமில்லை.

“எழுது” என்றார்.

“எழுதினா மரியாதக் குறைவு இல்லையா அக்கா?”

“வாய்க்குத்தான் கட்டுப்பாடு. கைக்கு எவனும் போடல. நீ எழுதுடி, வரிசைல நிக்கிறவங்க என்னை அடிக்கப் போறாங்க.”

ஊல்கான் எழுதினாள். எழுதிய தாளைக் கவிழ்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்குள் தள்ளினாள்.

மூன்று வாரம் கழித்துக் காப்பகத்தில் தாள்களின் நகல் கிடைத்தது. ஒரு கட்டு. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உடனே வேட்டையில் இறங்கிவிட்டார். ஓய்வூதியத்தைக் கணக்கிட, பழைய சம்பளத்தில் தொடர்ந்து வரும் எந்த ஐந்து வருடத்தையும் காட்டலாம் என்பது சட்டம். ஊரே கடைசி ஐந்து வருடத்தைக் காட்டி ஏமாந்துகொண்டிருந்தது. பண்ணை நொடித்த வருடங்கள் அவை. அக்கா குட்டிகள் அதிகம் பிழைத்து ஊக்கத்தொகை கொட்டிய வருடங்களைத் தேடினார். எழுபத்தாறிலிருந்து எண்பது வரை என்று விரலை வைத்துவிட்டு, அந்த வருடங்கள் ஞாபகம் இருக்கிறதா என்று ஊல்கானைக் கேட்டார்.

ஊல்கான் அதைக் கேட்கவில்லை. முதல் தாளிலேயே நின்றுவிட்டிருந்தாள். தலைமை மேய்ப்பர் பெயருக்குக் கீழே அவள் கணவன் பெயர். அதற்குக் கீழே தனி வரியில், அவள் தந்தை பெயரோடு சேர்த்து அவள் பெயர். எதிரில் தனிச் சம்பளம். கையெழுத்து மட்டும் கணவனின் அண்ணன் போட்டது. அடுத்த தாளிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். இருபத்திரண்டு வருடமும் ஒரு மாதம் விடாமல் அவள் பெயர் இருந்தது. மலையில் யாரும் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் அவள் மருமகள்.

“இது நானா?” என்றாள்.

“நீதான். வேற யாரு?”

“அப்ப நான் வேலதான் பாத்திருக்கேன்.”

சோனுன் அக்கா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். நான் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

ஓய்வூதியம் முன்பு வந்ததைப் போல இரண்டரை மடங்காக உயர்ந்தது. அந்த உத்தரவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், கணவாயைத் தாண்டியதும், ஊல்கானின் போன் அடித்தது. மகன். வீடு வாங்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறான், நல்ல விலை என்று சொல்லியிருக்க வேண்டும். ஊல்கான் முழுக்கக் கேட்டாள்.

“விக்க வேண்டாம்பா. இந்த வீடு உங்கப்பா மட்டும் சம்பாதிச்சுக் கட்டினது இல்ல, என் சம்பளமும் இதுல இருக்கு. தாள் வச்சிருக்கேன், வந்தா காட்டுறேன்” என்றாள்.