டேங்கில் வைத்த வேப்பிலை

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எஃகு ஆலையில் எனக்கு வேலை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் ஷாஃப்ட்டுக்காக எஃகுக் கட்டி வார்ப்போம். கட்டிக்குள் முடி போல விரிசல் விழுந்து எங்கள் உயிரை வாங்கியது. உருகிய எஃகு ஈரத்தைக் குடித்தால் அப்படித்தான் ஆகும் என்றார் உலை மேஸ்திரி. சேலம் டவுன்காரர், கிறிஸ்தவர், என் வயதுதான். இரும்பு டேங்குக்குள் வார்ப்பு அச்சான மோல்டை வைத்து மூடி, பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு வார்த்தால் ஈரத்தால் சேரும் கெட்ட வாயு போய்விடும் என்று முதலாளியிடம் மன்றாடி அதைச் செய்யவைத்தவரும் அவர்தான்.

இரண்டு முறை வார்த்தோம். இரண்டிலும் விரிசல்.

"மூணாவதும் போச்சுன்னா டேங்கைக் காயலான் கடைக்குப் போட்டுருவேன். நீங்களும் ஊட்டுக்குக் கெளம்பிருங்க" என்றார் முதலாளி மேஸ்திரியிடம். மேஸ்திரிக்கு மூன்று பெண் குழந்தைகள்.

மோல்டைக் காயவைப்பது என் பொறுப்பு. மூடி இறங்குமுன் அவர் சிலுவை போட்டுக்கொள்வார். சாமியெல்லாம் ஒன்றுதான், ஆனாலும் மாரியாத்தாளை ஒரு வார்த்தை கேட்காமல் தொடங்கியதால்தான் இரண்டும் போனது என்று என் மண்டையில் ஏறிவிட்டது. எங்கள் ஊரான எருமப்பட்டிப் பக்கம் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் நாங்கள் கிணறுகூட வெட்டமாட்டோம். மூன்றாம் முறை, கோயிலில் வாங்கிய வேப்பிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட டேங்கின் அடியில், மோல்டுக்குப் பின்னால் வைத்தேன். ஈரம் எஃகுக்கு ஆகாது என்று தெரியும். சாமி தண்ணீரை நான் ஈரத்தில் சேர்க்கவில்லை.

பம்பு ஓடியது. டேங்கில் காற்று எவ்வளவு குறைந்தது என்று காட்டும் முள் பாதியில் நின்றுவிட்டது. மேஸ்திரி மூடியைச் சுற்றிச் சுற்றி வந்து காற்று கசிகிறதா என்று ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தார். எஃகு ஆறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் டேங்கைக் கூட்டும்போது அடியில் கரிந்த குச்சிகள் கிடந்தன. மஞ்சள் தண்ணீர் ஆவியாகி டேங்கை நிறைத்ததால்தான் முள் பாதியில் நின்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குச்சிகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கட்டியை அறுத்து, விரிசல் கண்ணுக்குத் தெரிய ஆசிட்டில் கழுவினோம். முன்னைவிட அதிக விரிசல். முதலாளி டேங்கைக் கழற்றச் சொல்லிவிட்டு மேஸ்திரிக்குக் கணக்கு முடித்தார்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மேஸ்திரி என்னிடம் வந்தார். "நீங்க மோல்டை நல்லாத்தாங்க காயவெச்சீங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அந்த ரப்பரை நாந்தான் சரியாப் பாக்கல."

வாயைத் திறந்தேன். எனக்கும் குடும்பம் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.