மாப்பிள்ளைக் காரின் லைட்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் என் பிழைப்பு ஒரு பழைய வாடகைக் கார். என் கலியாணத்துக்கும் அதே கார்தான். பெண்ணின் தம்பி சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கிருந்து கொண்டுவந்த இரண்டு பெரிய மஞ்சள் லைட்டுகளை முன்னுக்கும், சின்னக் கலர் பல்புகளைக் கண்ணாடியைச் சுற்றியும் அவரே பூட்டினார். எனக்கு அவர் தந்த கலியாணப் பரிசு அது. மாப்பிள்ளை காருக்குக் கீழே படுக்கக் கூடாதென்று வீட்டில் தடை போட்டதால், வயர் வேலையை நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுப் பெண்வீட்டுக்கு ஊர்வலம் புறப்பட்டது. பெண்ணின் தம்பியான மச்சான் ஓட்ட, நான் புதுச் சட்டையும் தொப்பியுமாகப் பக்கத்துச் சீட்டில். என் காரிலேயே ஸ்டியரிங்கைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது பெரிய அவஸ்தை. பஸாரைத் தாண்டும்போது ரப்பர் கருகும் மணம் வந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டேன். வயர் சுட்டது.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கார் எரிந்துபோனால் கட்டப்போகிறவளுக்கு எதை வைத்துச் சோறு போடுவது? ஆனால் சத்தம் போட்டால், பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காரைக் கொளுத்தப் பார்த்தார் என்று விடிவதற்குள் ஊரெல்லாம் கதையாகிவிடும்.

"மச்சான், லைட்ட நூத்துட்டு ஓரமா நிப்பாட்டுங்க," என்றேன். அவர் லைட்டை அணைத்து ஓரங்கட்டினார். கூட வந்தவர்களிடம் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு என்று சொல்லிப் பழியை என் கார்மீதே போட்டேன்.

பொனட்டைத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கையால் தடவிக்கொண்டே போனேன். லைட்டுகளுக்குப் பிரிந்து போகும் வயர்களில் லேசான சூடுதான். அத்தனைக்கும் சேர்த்துக் கரண்ட் கொடுத்த ஒற்றை மெல்லிய வயர் உறை இளகிக் கிடந்தது. பியூஸைப் பிடுங்கினால், அதில் சிகரட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றினால் எவ்வளவு கரண்ட் போனாலும் பியூஸ் போகாது, வயர்தான் எரியும்.

"பூட்டப் பூட்ட பியூஸ் போச்சு மச்சான். கலியாணத்தண்டு லைட் எரியாமப் போயிருமெண்டு பயந்துதான்..." மச்சான் அந்த ஈயத்தாளை என்னிடமிருந்து வாங்கிக் கசக்கினார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

இளகிய வயரை வெட்டி எறிந்தோம். டிக்கியில் கிடந்த வயர் கலர் பல்புகளுக்கு மட்டும்தான் தாங்கும். பெரிய லைட்டுகளை விட்டுவிட்டு, அந்த வயரைப் பல்புகளுக்குப் பூட்டிப் புது பியூஸ் போட்டோம். எரியவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். வயர் சுடவில்லை.

எங்கள் பக்கம் பெண்வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவது பெண்ணின் தம்பி. மச்சான் செம்போடு குனிந்து கழுவினார். வழக்கப்படி அவருக்கு மோதிரம் போட விரலைப் பிடித்தால், இரண்டு பேர் கையும் ஒரே கறுப்பு. செம்பை வாங்கி அவர் கையில் நான் தண்ணீர் ஊற்றினேன். இது எந்த ஊர் வழக்கம் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நாளைக்குப் பெரிய லைட்டுக்குத் தனி வயர் இழுப்பமா, மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம். நீங்கதான் இழுக்கோணும். நான் பக்கத்துல நிக்கிறன்," என்றேன்.