தொட்டபெட்டாவில் என் வீட்டுக்காரரைத் திருப்பித் தந்தாள்

நம் திரௌபதி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் என்னோடு சேர்ந்து விளக்கேற்றும் அக்கா தங்கச்சிகளே, எனக்கு நின்று பேசிப் பழக்கமில்லை. சண்டை போடத்தான் வாய் வரும், அது உங்களுக்கே தெரியும். ஆனாலும் அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தால் சோறு இறங்காது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

நானும் எங்கள் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணனும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். எங்களுக்கு ஒரே பிள்ளை, குமரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தவனை லாரி அடித்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கு இந்தப் பேச்சு முடியாது.

காரியம் முடிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். ஏதாவது கேட்டால் "ம்" என்பார், அதுவும் பாதி நேரம் வராது. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். வேலைக்கு வருவார். பலகையைப் பிடித்து உப்பை இழுத்துக் குவிப்பார். அந்த வெயிலில் தாகம் எடுக்கிறதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. நான்தான் போய்ச் செம்பை வாயில் வைக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் ஆளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார். அலை தலைக்கு மேல் போய்ப் போய் வருகிறது. குப்பத்து ஆட்கள் இறங்கி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"ஏன்யா இப்படிப் பண்ண? என்னை ஒருத்திய நெனச்சிப் பாத்தியா?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். அவ்வளவுதான் பதில்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குக் காவல் வேலை. அவர் தண்ணீர் பக்கம் போனால் பின்னாலேயே போவேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் வேலை முடியாது. பெற்ற பிள்ளைக்காக வாய்விட்டு அழக்கூட எனக்கு நேரமில்லை. அழுதால் கண்ணை மறைக்கும், அந்த நேரம் இந்த மனுஷன் எங்கே நடந்துவிடுவாரோ என்று பயம். படுத்து எழுந்தாலும் போகாத அலுப்பு அது. உங்களில் சிலருக்கு அது தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மனிடம் வருவேன். விளக்கேற்றுவேன். ஆனால் வேண்ட மாட்டேன், சண்டைதான் போடுவேன். "உனக்குக் கண் இருக்கா இல்லையா?" என்று கேட்டிருக்கிறேன். பூசாரி காதில் விழுந்து அவர் என்னை முறைத்ததும் உண்டு.

போன மார்கழியில் நடந்தது இது. மழைக்காலத்தில் உப்பளமெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும், தை பிறந்து பாத்தி சரிசெய்கிற வரைக்கும் நமக்கு வேலை இல்லை. அப்போதுதானே நம் ஆட்கள் வேன் பிடித்துக் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். எங்கள் நாத்தனார் மல்லிகா வந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணனை இட்டுக்கினு வா. பழனி போயிட்டு அப்படியே ஊட்டியும் பாத்துட்டு வந்துடலாம். நீயும் எவ்ளோ நாளைக்கு வூட்டுக்குள்ளயே காவ காத்துக்கினு இருப்ப?"

"போடி. மலையில போய் இந்த ஆளு ஏதாவது பண்ணிக்கினா யாரு பதில் சொல்றது?"

"வாயக் கழுவு அண்ணி. நான் இருக்கேன் இல்ல."

சரி, தொலையட்டும் என்று கிளம்பினேன். பழனியில் நல்ல தரிசனம். அங்கேயும் அவர் கை கூப்பவில்லை. கையை நான் எடுத்துச் சேர்த்து வைத்தேன், விட்டதும் தொங்கிவிட்டது.

ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் புல்தரையெல்லாம் வெள்ளை. உறைபனியாம். நமக்கு அதைப் பார்த்தால் பாத்தியில் உப்புப் பூத்த மாதிரிதான் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பழக்க தோஷம். வேனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தமிழ்நாட்டிலேயே உயரமான இடம் தொட்டபெட்டா, அங்கே ஏறாமல் ஊருக்குத் திரும்பக் கூடாது என்று எல்லோரும் ஒரே பிடிவாதம். அன்றைக்கு மேலே வண்டி விடவில்லை, நடந்துதான் போக வேண்டும் என்றார்கள். "நான் வேன்லயே இருக்கேன்" என்றேன். அதற்குள் இவர் இறங்கி எல்லோரோடும் நடக்க ஆரம்பித்துவிட்டார். காவல்காரி சும்மா உட்கார முடியுமா? நானும் இறங்கினேன்.

அந்த ஏற்றத்தை என்ன சொல்வேன்! நாம் மேடு பள்ளம் இல்லாத தரையில் நடந்து பழகியவர்கள். கொஞ்ச தூரத்திலேயே தொடை இழுத்துப் பிடித்தது. மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை. தெருவோரக் கடையில் வாங்கிய ஸ்வெட்டர் முடி குத்துகிறது, குளிர் மட்டும் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஓங்கிய மரங்கள், வெயிலே இல்லை. வளைவு திரும்பினால் உச்சி வந்துவிடும் என்று பார்த்தால் இன்னொரு வளைவு. "அம்மா தாயே, இதுக்குத் தீ மிதிச்சிடலாம்" என்று புலம்பிக்கொண்டே ஏறினேன். அவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார்.

உச்சியில் ஒரு பலகை. கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரம் என்று எழுதியிருந்தது. மல்லிகா படித்துவிட்டு, "அண்ணி, கடல் மட்டம்னா நம்ம வூட்டு வாசப்படிதான். அங்கேர்ந்து அளந்துக்கினு வந்திருக்கானுங்க" என்றாள். அந்த அலுப்பிலும் சிரித்துவிட்டேன்.

அங்கே கம்பித் தடுப்பு ஓரமாக அவரை நிற்க வைத்துவிட்டு, "இங்கயே நில்லு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லி, பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். வரிசை நீளம். அந்தக் குளிரில் எல்லோருக்கும் அதே அவசரம். திரும்பி வெளியே வந்தால் மலையே இல்லை. மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். அவர் இல்லை.

"ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டேன். அவர் போன் வேனில் சார்ஜில் கிடக்கிறது. நம் ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோரும் நேராகக் கம்பிப் பக்கம்தான் போனார்கள். கீழே எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, கடலில் நின்ற கதை அத்தனை பேருக்கும் தெரியுமே.

காட்டிலாகாக்காரர் ஒருவர் வந்தார். "அம்மா, இந்தப் பனியில இறங்கித் தேட முடியாது. காட்டெருமை நடமாட்டம் இருக்கு. கொஞ்சம் பொறுங்க, விலகட்டும்" என்றார். எப்போது விலகும் என்றதற்கு, "சொல்ல முடியாதும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷன்.

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா தூக்கப் பார்த்தாள், நான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான், பிள்ளை போன பிறகு முதன்முதலாக, அம்மனிடம் சண்டை போடாமல் பேசினேன். சண்டை போடத் தெம்பில்லை. பாரதத்தில் கேட்டிருக்கிறோமே, பெற்ற ஐந்து பேரையும் தூக்கத்திலேயே பறிகொடுத்தவள் அவள். "தாயே, பிள்ளை போன வயிறு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். உனக்கு நான் என்னத்தச் சொல்றது? இந்த மனுஷனக் காவ காத்துக் காத்து நான் ஓஞ்சிட்டேன்மா. இனிமே என்னால முடியல. நீயே பாத்துக்க. ஆனா எடுத்துக்காத. இவர் ஒருத்தர எனக்கு விடு" என்றேன். அழுதேன். இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. பிள்ளைக்கும் சேர்த்து அழுதேன்.

அழுது ஓய்ந்த நேரத்தில் முகத்தில் காற்று அறைந்தது. ஐஸ் மாதிரி காற்று. ஈரக் கன்னம் எரிந்தது. அதுவரை காற்று இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. அந்த எரிச்சலில் சட்டென்று ஒன்று தோன்றியது. அதை என் புத்தி என்று நான் சொல்லவே மாட்டேன். எனக்கு அப்போது புத்தி ஏது?

நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தை மாசத்துப் பனி மூடினால் உப்பளத்தில் எந்த வரப்பும் தெரியாது, எல்லாப் பாத்தியும் ஒன்றுபோல இருக்கும். அப்போது என்ன செய்வோம்? வாடைக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நடப்போம். அந்தப் பக்கம்தான் ரோடு, அந்தப் பக்கம்தான் வீடு. சின்ன வயசிலிருந்து அப்படி நடந்த கால் அவருடையது. யோசிக்காமலே நடக்கும். மலையில் காற்று எங்கிருந்து வருகிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியுமா?

எழுந்து நின்றேன். "கம்பிப் பக்கம் தேடாதீங்க. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் போங்க" என்று கத்தினேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள். காட்டிலாகாக்காரர் மட்டும் காரணம் கேட்டார். சொன்னேன். "அந்தப் பக்கம் சோலைக்காட்டுச் சரிவு. பாதை கிடையாது. இருங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் கயிறும் தடியும் எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். தடுத்தார்கள், நான் கேட்கவில்லை.

காற்றுக்கு எதிராகக் குனிந்து குனிந்து போனோம். முள், வழுக்குப் பாசி, வேர். விழுந்து விழுந்து எழுந்தேன். காட்டிலாகாக்காரர் முன்னால் போய்க் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம்.

"இங்க! இங்க இருக்கேன்!"

பதில் சொன்னது எங்கள் வீட்டுக்காரர். கூப்பிட்டால் "ம்" என்றுகூடச் சொல்லாத மனுஷன், தொண்டை கிழியக் கத்துகிறார். கணுக்கால் பிசகி, ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குக் கீழே சரிவு நேராக இறங்கிப் பனிக்குள் போகிறது. ஒரு கால் செருப்பு இல்லை. உதடு நீலமாக இருந்தது, உடம்பு வெடவெடவென்று ஆடியது. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடி போன? பனி வந்துடுச்சி, உன்னக் காணோம். நீயும் போயிட்டியோன்னு... உன்னத் தேடித்தான்டி கெளம்பினேன். அப்புறம் வழி தெரியல. காத்தப் பாத்து நடந்தா ரோடு வந்துடும்னு பாத்தேன், வரவேயில்ல."

நான் அங்கேயே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். சாகப் போன மனுஷன் வழி தேடியிருக்க மாட்டார், அக்கா. மரத்தைப் பிடித்திருக்க மாட்டார். பொண்டாட்டியைக் காணோம் என்று அந்தப் பனிக்குள் இறங்கியிருக்கிறார். கடலில் நின்ற நாளிலிருந்து நான் பயந்த பயமெல்லாம் அந்தச் சரிவில் விழுந்து போனது.

காட்டிலாகா ஆட்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். தேநீர் கொடுத்தார்கள், கம்பளி போர்த்தினார்கள். வேனில் வரும்போது என் தோளில் தலை வைத்து, குமரன் பேரைச் சொல்லி அழுதார். பிள்ளை போன பிறகு அந்தப் பேரை அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். ஊர் வருகிற வரைக்கும் மல்லிகா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை இல்லாத வீடு அப்படியேதான் இருக்கிறது. அவனை ஏன் எடுத்தாய் என்று அம்மனை இன்னும் கேட்கிறேன், பதில் வரவில்லை. வருகிற வரைக்கும் கேட்பேன். ஆனால் காவல் வேலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். இப்போது தூங்குகிறேன். அவர் பேசுகிறார். குழம்பு சரியில்லை என்று குறை சொல்கிறார், நான் திருப்பித் திட்டுகிறேன். இந்தச் சண்டைக்கு நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

உங்களில் யாராவது என்னைப்போல ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தால், வேண்டுவதற்கு வாய் வரவில்லையே என்று வெட்கப்படாதீர்கள். வந்து அவள் காலடியில் உட்காருங்கள். முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவளும் பிள்ளை பெற்றவள்.

வெளியே நின்று, "எவ்ளோ நேரம்டி பேசுவ? வா, போலாம்" என்று எங்கள் வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். கேட்கிறதா உங்களுக்கு? நான் போகிறேன்.