அய்யாவுக்குக் கிடைத்த கவனிப்பு

செம்பனை எண்ணெய் ஏற்றுமுன் கப்பல் தொட்டிக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் கிள்ளான் துறைமுகத்தில் அய்யாவுவின் வேலை. அப்படி ஒருநாள் இறங்கியபோது கடல்நீர்க் குழாய் கசிவதைக் கண்டு கப்பல் தலைவனிடம் சொன்னார். பழுது பார்த்தாயிற்று என்றான் அவன். அதை நம்பி ஏற்றிய எண்ணெய் முழுவதும் கடல்நீர் கலந்து கெட்டுப்போனது. இப்போது அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறது கப்பல் நிறுவனம்.

ஒப்பந்தப்படி வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது, சிங்கப்பூரில் மூன்று நடுவர்களிடம்தான் போகும். எண்ணெய்க்குச் சொந்தக்காரரான அய்யாவுவின் முதலாளியிடம் அதற்கான பணம் இல்லை. வென்றால் நட்ட ஈட்டில் பங்கு என்ற பேச்சில் வேறொரு கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. அதன் ஆள் பிரகலாதன். அவர்களுடைய ஒரே சாட்சி அய்யாவு.

தினமும் காலையில் பிரகலாதன் கூப்பிடுவான்.

“அங்கிள், நல்லா தூங்குனீங்களா? தொட்டியில எறங்காதீங்க லா. சம்பளத்த நாங்க பாத்துக்கறோம்.”

மனைவி சந்திரகலா உருகிப்போனாள். “ரவாங்ல இருக்கற நம்ம மவன் ஒரு நாளாச்சும் இப்படிக் கேட்டிருப்பானா?”

“தீபாவளி ஆட்டயும் இப்படித்தான் கவனிப்பாங்க” என்று அய்யாவு சிரித்தார்.

மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே கார் வந்து பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனது. செலவு கம்பெனியுடையது. பரிசோதனை முடிவும் கம்பெனிக்கே போகட்டும் என்று நீட்டிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் இல்ல அங்கிள். ரெஸ்ட் எடுங்க.”

ஆண்டுக் கடைசியில் நடக்க வேண்டிய சாட்சியம் அடுத்த வாரமே என்றானது.

சிங்கப்பூர் நடுவர்களுக்கு வீடியோவில் சாட்சி சொல்ல பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை. லிஃப்டில் அய்யாவு பிரகலாதனிடம் கேட்டார்.

“எதுக்குப்பா இவ்ளோ அவசரம்?”

“சாட்சி முடியட்டும் அங்கிள். அப்புறம் உக்காந்து பேசலாம்.” அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திரையில் மூன்று நடுவர்கள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. உண்மையே சொல்வேன் என்று உறுதி எடுத்ததும் முதலாளி தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியைக் கேட்டார். தொட்டிக்குள் என்ன பார்த்தீர்கள்?

அய்யாவு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரகலாதனைத் திரும்பிப் பார்த்தார்.

“அத சொல்றேன் ஐயா. அதுக்கு முன்னாடி, எனக்கு என்ன நோவுன்னு இந்தத் தம்பிய சொல்லச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

மொழிபெயர்ப்பாளர் வாணி ஒருகணம் தயங்கினாள். பிறகு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.

பிரகலாதன் எழுந்து கேமராவை அணைக்க வேகமாக நடந்தான்.