மேடு வருமுன் கியர் மாற்றியவர்

சென்ற வியாழக்கிழமை காலை, மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பாவாயி அம்மாள் வரிசையைக் கவனிக்காமல் நேரே என் மேசைக்கு வந்தார். முந்தின நாள் மாலை நான் கலக்கிக் கொடுத்த மருந்துப் புட்டியை என் முன்னால் வைத்தார். ஒரு வேளை மருந்துதான் குறைந்திருந்தது.

"இது அவருக்கு இனி வேண்டாமுங்க, கம்பவுண்டரே. வேற ஆருக்காச்சும் ஆவுமுங்க" என்றார்.

அவருடைய கணவர், எங்கள் வைத்தியசாலையின் காரோட்டியாக இருந்த நல்லுசாமி அவர்கள், அன்று பொழுது விடியும் வேளையில் காலமாகிவிட்டார். வயது நாற்பத்திரண்டு. பத்து நாள் காய்ச்சல். கடைசி நான்கு நாளும் நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் திணறினார்.

எங்கள் ஊரான சேந்தமங்கலத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் காது செவிடான விஷயத்தை ஒளித்து வண்டி ஓட்டி, ஒருவனுடைய காலை முறித்தவர் என்றே ஊர் அவரை அறியும். அந்தக் கதையில் பாதி விடுபட்டிருக்கிறது. விடுபட்ட பாதியில் இருப்பவன் நான். அதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி என்று நான் எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

எங்கள் டாக்டர் சொந்தமாக நடத்தும் வைத்தியசாலையில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த மறு வருஷம், அவர் ஒரு பழைய பச்சைக் காரை வாங்கினார். அதை ஓட்டுவதற்கு, நாமக்கல் பாதையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நல்லுசாமி அவர்களை அழைத்துவந்தார். நெடிய உருவம், குறைந்த பேச்சு. புதிதாக ஒரு பாதையில் போக வேண்டுமென்றால் முதல் நாளே அதை நடந்து பார்த்துவிட்டு வருவார்.

காரவள்ளி அடிவாரம் வரைக்கும்தான் அப்போது கார் போகும். அதற்கு மேலே மலைக்கு நடந்துதான் போக வேண்டும். யுத்தம் தொடங்கிய பிறகு, மரம் இறக்குவதற்காக அடிவாரத்திலிருந்து மேலே கொஞ்ச தூரம் ஒரு வண்டித்தடம் வெட்டினார்கள். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து நோயாளிகளைக் கம்பில் கட்டிய தூளியில் சுமந்து வருபவர்கள் அந்தத் தடத்தின் மேல்முனையில் இறக்கிவைப்பார்கள். நாங்கள் போய் ஏற்றிவருவோம்.

முதல் தடவை அங்கே போனபோது டாக்டரும் வந்திருந்தார். தரை இன்னும் சமமாகவே இருந்தது. நல்லுசாமி அவர்கள் வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு மாற்றினார். டாக்டருக்கு அவசரம்.

"மேடே இன்னும் வரவில்லையே, அதற்குள் ஏன் மாற்றுகிறாய்?" என்று கேட்டார்.

"மேடு வந்த பொறவு மாத்தறதுக்கு நேரமிருக்காதுங்க. இஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பிச்சிட்டா வண்டி நின்னுபோயிருமுங்க" என்றார் அவர்.

அந்தக் காரில் கியர் மாற்றுவது எளிய காரியமல்ல. கிளச்சை மிதித்து கியரை நடுவில் விட்டு, காலை எடுத்து, இஞ்சினைச் சற்றே உறுமவிட்டு, மறுபடியும் கிளச்சை மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். உறுமல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே பல்லோடு பல் உரசிக் கரகரவென்று அலறும். டாக்டர் தாமே ஓட்டும் நாட்களில் அந்த அலறல் கடைவீதி வரை கேட்கும். நல்லுசாமி அவர்கள் ஓட்டும்போது, கியர் மாறியது அவருடைய இடது கை அசைவதைப் பார்த்தால்தான் தெரியும். "எப்போது மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?" என்று ஒருநாள் கேட்டேன். "இஞ்சினே சொல்லுமுங்க. நாம கேக்கோணும், அவ்வளவுதான்" என்றார்.

பிறகு அந்தக் காய்ச்சல் வருஷம் வந்தது. மலையில் வீடு தவறாமல் குளிர்காய்ச்சல். வாரத்தில் ஐந்து நாள் கார் அடிவாரத்துக்குப் போயிற்று. ஐப்பசியில் நல்லுசாமி அவர்களுக்கே காய்ச்சல் கண்டது. டாக்டர் வெளியூர் போயிருந்தார். காரோட்ட வேறு ஆள் கிடையாது.

"சீக்கிரம் எந்திரிக்கிற மாதிரி ஏதாச்சும் குடுங்க, கம்பவுண்டரே. மேல ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தை வழக்கமான அளவுக்கு இரண்டு மடங்காகக் கொடுத்தேன். ஒருநாள் கொடுத்து நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எட்டு நாள் கொடுத்தேன். நான்காம் நாளே அவர், "காதுக்குள்ள சில்வண்டு கத்தறாப்பல இருக்குதுங்க" என்று சொன்னார். கொயினா சாப்பிட்டால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்றேன். டாக்டர் திரும்பி வந்ததும் கேட்கலாமென்று நினைத்தேன். டாக்டர் வந்தபோது நல்லுசாமி அவர்கள் எழுந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, நாங்கள் இருவர் மட்டும் காரவள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓடையைத் தாண்டி ஏறும் இடத்தில் அவர் கியர் மாற்றினார். பற்கள் அலறின. நான் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அமைதியாகப் பாதையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"பல்லு உரசுச்சுங்களா?"

நான் தலையசைத்தேன்.

"பத்து நாளா கியரு மாத்தறப்ப உள்ளங்கையில அதிர்வு தெரியுது. சத்தம் வருதோ என்னமோன்னு சந்தேகமாவே இருந்துச்சுங்க" என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தொடர்ந்தார்: "டாக்டருகிட்டச் சொல்லீராதீங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

கையை அசைத்து, சொல்லமாட்டேன் என்றேன். இரக்கத்தினால் அப்படிச் சொன்னதாக அவர் நினைத்திருப்பார். சொன்னால் 'எதனால்?' என்று டாக்டர் கேட்பார் என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது.

அன்றைக்கே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்வேன். இஞ்சின் திணறுவதற்கு முன்னால் அவர் முழங்கையில் ஒருமுறை தட்டுவேன், கீழ் கியர். இஞ்சின் வீணாக இரைந்தால் இரண்டு முறை, மேல் கியர். முதலில் நான் தாமதமாகத் தட்டினேன். "நீங்க வண்டி திணறுன பொறவு தட்டறீங்க. அதுக்கு முன்னாலயே ஒரு கனத்த சத்தம் வருமுங்க. அதைப் புடிங்க" என்று சொல்லித் திருத்தினார். தாமே இனிக் கேட்க முடியாத ஒரு சத்தத்தை நினைவிலிருந்து எனக்கு விவரித்துக்கொண்டிருந்தார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் காரின் அடிப்பலகை அதிர்வதைக் கவனித்து ஓட்டப் பழகினார். ஒரு வருஷத்தில் பாதிக்கு மேல் என் கை தேவைப்படவில்லை. எதிரில் இருப்பவர்களின் வாயசைவைப் படிக்கவும் கற்றுக்கொண்டார். இரண்டு வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காருக்கு வெளியே இருந்து ஒருவர் கூப்பிட்டால் அவருக்குத் தெரியாது என்பதை மட்டும் நாங்கள் இருவருமே பேசாமல் ஒதுக்கிவைத்தோம்.

போன வருஷம் கார்த்திகை அடைமழையில், சடையன் என்ற மலைக்காரர் தம் மனைவியைத் தூளியில் சுமந்துவந்து தடத்தின் மேல்முனையில் காத்திருப்பதாகச் சேதி வந்தது. இரண்டு நாளாகப் பிரசவ வலி. குழந்தை இறங்கவில்லை. நானும் நல்லுசாமி அவர்களும் போனோம். அந்த அம்மாளுக்கு உதிரம் போய்க்கொண்டிருந்ததால் பின்சீட்டில் கிடத்தி, நானும் பின்னால் உட்கார்ந்து இரு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முன்சீட்டில் அவர் பக்கத்தில் யாருமில்லை. சடையன் வெளியே படியில் நின்று, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வந்து உக்காருங்க" என்று நல்லுசாமி அவர்கள் சொன்னார்.

"வேண்டாமுங்க, வண்டி வழுக்குனா எறங்கித் தள்ளோணும்" என்றார் சடையன்.

நல்லுசாமி அவர்கள் இறங்கி, சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஏறி முதல் கியரைப் போட்டார். "எந்தக் கியருல ஏறுனமோ அதுலயேதான் எறங்கோணும்" என்று எப்போதும் சொல்வார்; ஏறியது இரண்டாவதில். சேற்றைப் பார்த்து அன்றைக்கு அதைவிடக் கீழே போனார். பிரேக் நனைந்து பிடிக்காமல் இருந்தது. அந்த முதல் கியர்தான் எங்களைப் பிடித்து வைத்திருந்தது. நடையின் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

பாதித் தடத்தில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி மண்கரையை ஒட்டிப் போயிற்று. சடையன் படியிலிருந்து சறுக்கினார். அவருடைய கால் கரைக்கும் படிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவர் அலறினார். நானும் "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். கார் நிற்கவில்லை. நல்லுசாமி அவர்கள் பாதையைப் பார்த்தபடியே ஓட்டினார். என் இரு கைகளும் அந்த அம்மாளைத் தாங்கியிருந்தன. எடுக்க முடியவில்லை. இரண்டு நாள் வலியில் துவண்டு கிடந்த அந்த அம்மாள்தான் எட்டி, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

அவர் உடனே இஞ்சினை அணைத்தார். கியரின் பிடியில் வண்டி அப்படியே நின்றது. திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு சடையனைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

சடையனை முன்சீட்டில் தூக்கி வைத்து மீதிப் பாதையை இறங்கினோம். சடையன் வழி நெடுக முனகிக்கொண்டே வந்தார். அது கேட்காவிட்டாலும் நல்லுசாமி அவர்கள் அடிக்கடி திரும்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் இடுக்கி ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். பெண் குழந்தை. தாயும் பிழைத்தார். சடையனுக்குக் கட்டுப் போட்டு முடிந்ததும் நல்லுசாமி அவர்கள் உள்ளே வந்து டாக்டர் முன்னால் நின்றார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. ரெண்டு வருசமாச்சுங்க. ஒளிச்சு வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"எப்படி ஆயிற்று?" என்று டாக்டர் உரக்கக் கேட்டார்.

"சின்ன வயசுலயே மந்தமுங்க. வர வர மோசமாப் போயிருச்சு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கம்பவுண்டர், உனக்கு இது தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, டாக்டரின் உதட்டைப் படித்துவிட்ட நல்லுசாமி அவர்கள் பதில் சொன்னார்: "அவருக்குத் தெரியாதுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் காரைத் தொடவில்லை. சடையனின் கால் சேர மாதக்கணக்காகும் என்று தெரிந்ததும், ஒரு போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு மலையேறினார். வாழவந்தி நாட்டில் சடையனின் நிலத்தை அவரே கொத்தி, வள்ளிக்கிழங்கு நட்டு, களை எடுத்தார். மண்வேலை பழக்கமில்லாத கை. கொப்புளம் கண்டு வெடித்தது. மாதம் இருமுறை இறங்கிவந்து மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். சடையன் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் அறுவடை வரை இருந்தார். கடைசியாக இறங்கிவந்தபோதுதான் காய்ச்சலோடு வந்தார்.

இறப்பதற்கு மூன்று நாள் முன்பு அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாவாயி அம்மாள் கஞ்சி காய்ச்ச உள்ளே போயிருந்தார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்: "அண்ணா, அன்றைக்கே நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் காது போனதே என்னால்தான்."

அவர் என் வாயையே கூர்ந்து பார்த்தார். காய்ச்சலில் கண்கள் மங்கியிருந்தன.

"புரியலீங்க. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

அதை இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"சாப்புட்டேனுங்க" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடக்கம் நடந்தது. அங்கிருந்து நேரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொயினா, ஏற்பாடு, குனிந்த தலை, எல்லாம். அவர், "மருந்து அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அடக்கம் செய்த இடத்தில் பால் ஊற்றும்போது பாவாயி அம்மாளிடமும் சொன்னேன். அப்போது சடையனும் மனைவி குழந்தையோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். அவரும் கேட்கட்டும் என்றே சொன்னேன். சடையன் கோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பாவாயி அம்மாள் அழவில்லை.

"உசுரோட இருக்கறப்ப இன்னொருக்காச் சொல்லியிருந்தா, உங்க வாயப் பாத்துப் புரிஞ்சிருப்பாருங்களே" என்றார்.

அவர்கள் எல்லாரும் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். புதுமண் மேட்டின்மேல் நாய் கிளறாமல் இருக்க முள்கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். ஊற்றிய பாலைச் சாரல் மழை கரைத்துக்கொண்டு போயிற்று. மலை முழுவதும் மேகத்தில் மறைந்திருந்தது. நல்லுசாமி அண்ணா, இதை மெதுவாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு வரியும் விடவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.