ஆட்டத்தின் நடுவே இருளும் திரை

புதுப்பட்டினத்தில் நான் குடியிருந்தது ஒரு மீன் விற்கும் அம்மாவின் வீட்டை ஒட்டிய ஷீட் கூரை போட்ட அறையில். காலையில் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய் ஒரு சிற்பக்கூடத்தில் கல்லுக்குப் பாலிஷ் போடுவேன். சாயங்காலம் தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூளோடு திரும்புவேன். அதற்கு முன் லாரியில் கிளீனராக இருந்தேன். அதற்கும் முன் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் எடுபிடி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவனை அந்தக் கடைக்காரர் சேர்த்துக்கொண்டது, ராத்திரி கடையிலேயே படுத்துக் காவல் இருப்பான் என்பதற்காக. நான் சேர்ந்ததும் படுக்க இடம் கிடைத்ததே என்றுதான். அதுவரை படுத்திருந்த பிளாட்பாரத்தில் மழை ஒழுக ஆரம்பித்திருந்தது. அங்கே தூசி ஊதவும், ஸ்க்ரூ கழற்றவும், எதை எதில் செருகுவது என்றும் கற்றுக்கொண்டேன். மழைக்காலம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். எங்கேயும் ரொம்ப நாள் நின்றதில்லை.

இந்தக் கடைக் கதையை அந்த அம்மாவிடம் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே அவருடைய மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, கிராபிக்ஸ் கார்டு பத்தித் தெரியுமா உனக்கு?"

"பாத்துகீறேன்."

"அது போதும். வா."

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். பகல் முழுக்க "உக்காருங்க, கூப்புடுவாங்க" என்று மெதுவாகச் சொல்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஐந்து பேர் கொண்ட ஒரு அணியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவாள். மற்ற நாலு பேரும் ஊரப்பாக்கம் பக்கத்துப் பெண்கள். எதிரி இருக்கும் அறைக்குள் முதலில் நுழைகிறவள் இவள்தான். அந்தக் கம்ப்யூட்டரை அவள் ஒரே தடவையில் வாங்கவில்லை, உறுப்பு உறுப்பாகச் சேர்த்தாள். முதலில் வந்தது வெறும் கேபினெட், அதாவது வெளிப்பெட்டி. அது பல மாதம் காலியாக நின்றபோது அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாராம். கடைசியாக வந்ததுதான் ஆட்டத்தின் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு.

இப்போது அந்தக் கார்டுதான் தகராறு. அன்று என் கண் முன்னாலேயே நடந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை கருத்தது. ஸ்பீக்கரில் கடைசியாக வந்த சத்தம் அப்படியே சிக்கிக்கொண்டு டர்ர்ர் என்று இழுத்தது. உள்ளே ஃபேன்கள் மேடு ஏறும் பஸ் மாதிரி கத்தின. மேஜைமேல் இருந்த போனில் அணித் தலைவியின் குரல் கேட்டது.

"பூட்டாளா? மறுபடியும் பூட்டாளா?"

"இல்லடி, வந்துகினே கீறேன். ரீஸ்டார்ட் ஆவுது."

"நல்லா கேட்டுக்கோ. ஞாயித்துக்கெழம மேட்ச்சுல ஒரு தபா உன் சிஸ்டம் படுத்துச்சுன்னா அடுத்த மேட்ச்லேர்ந்து வேற ஆளப் போட்டுடுவேன். கோச்சிக்காத. நாலு பேரு ஒன்ன நம்பித்தான் நிக்கறோம்."

இவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பேசுகிற அதே மெதுவான குரலில் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த வாரம் சிற்பக்கூடத்திலிருந்து சீக்கிரம் கிளம்பத் தொடங்கினேன். முதலில் கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஒரு சாயங்காலம் ஓடியது, மறுநாள் திரை கருத்தது. சூட்டினால்தான் இருக்கும் என்றேன். அவள் வெயில் காலத்திலேயே கேபினெட்டின் கண்ணாடிக் கதவைக் கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தாள். இருந்தாலும் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தோம். திரை ஓரத்தில் சூட்டின் அளவு தெரியும்படி செய்து, நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண் ஏறவே இல்லை, ஆனால் திரை கருத்தது.

அடுத்து கரண்ட் மேல் சந்தேகம் வந்தது. வீட்டு ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் லைட் ஒரு துளி மங்கும். ஆட்டம் முடியும்வரை ஃபிரிட்ஜை அணைத்து வைக்கலாம் என்றேன்.

"உள்ள மீனு கீதுப்பா," என்றார் அம்மா.

"ஒரு மணி நேரம்தாம்மா."

"ஒரு மணி நேரம் உன்ன மூச்சு புடிச்சிகினு இருன்னா இருப்பியா?"

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல அதன் கதவில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அன்றும் திரை கருத்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மறுநாள் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, கார்டைக் கழற்றி ஈரிழைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நின்றுகொண்டே போனேன். நெரிசலில் யாரும் முட்டாதபடி பையைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தேன். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார், உள்ளே என்ன இருப்பதாக நினைத்தாரோ.

பழைய கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டேய், உசுரோடதான் கீறியா? சொல்லாம கொள்ளாம போனவன்."

"சொல்லியிருந்தா வுட்டுருக்க மாட்டீங்கண்ணா."

"அதுவும் நெசந்தான். இன்னா கொண்டாந்த?"

கார்டைக் கொடுத்தேன். அதன் அடியில் தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருக்கும். அதுதான் மதர்போர்டின் பள்ளத்தில் போய் உட்காரும் இடம். எந்தக் கார்டு வந்தாலும் அவர் முதலில் ஒரு பென்சில் ரப்பரை எடுத்து அந்தப் பல்லைத் தேய்ப்பார். அன்றும் தேய்த்தார். ரப்பர் கருப்பாகிவிட்டது. "உப்புக்காத்து வேல," என்று ரப்பரைத் துடைத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் செருகி, கனமான ஒரு சோதனையை ஓடவிட்டார். டீ குடித்தோம், பழைய ஆட்களைப் பற்றிப் பேசினோம். மத்தியானம் முழுக்க அது அசையாமல் ஓடியது.

"கல்லு மாரி கீதுடா. எத்துனு போ."

நான் திரும்பி வந்தபோது மகள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கார்டைப் பிரித்து ஒரு செய்தித்தாள் விரித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "ரெடியாயிடுச்சும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். நான் போய் இட்லி சாப்பிட்டு வந்தேன். அவள் வந்ததும் இரண்டு பேருமாக அவசர அவசரமாகக் கார்டை மாட்டினோம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டர்ர்ர் என்றது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தாள். "வுடுண்ணா. நானே சொல்லிடறேன், வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி. அவங்களா தூக்கறதுக்கு முன்னாடி நம்மளே சொன்னா கொஞ்சம் மரியாதயா இருக்கும்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் சொல்லாத," என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை காலையில் கார்டை மறுபடியும் கழற்றினேன். திரும்ப செங்கல்பட்டுக்கே எடுத்துப் போய், இந்தத் தடவை கேபினெட்டையும் கூடவே தூக்கிப் போவதென்று யோசனை. கார்டைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். ஈரத்தலையோடு திரும்பி வந்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கார்டு. பக்கத்தில் ஒரு டப்பா. ஆட்காட்டி விரலில் சுற்றிய பழந்துணியால் அந்தத் தங்கப் பல்வரிசைக்கு, ஒரு பல்கூட விட்டுப்போகாமல், பொறுமையாகக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"கழட்டி வச்சிட்டுப் பூட்டியே, அதான் போட்டு வுடறேன். உப்புக்காத்துப்பா. சும்மா வுட்டா ரெண்டே மாசத்துல துரு தின்னுடும்."

அவர் கணவர் இருந்த காலத்தில் வீட்டில் ஃபைபர் படகு இருந்தது. கடலுக்குப் போகாத நாட்களில் அவர் இன்ஜினைக் கழற்றிப் பரப்பி வைப்பார், இந்த அம்மா ஒவ்வொரு பாகத்துக்கும் கிரீஸ் போடுவார். கரையில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கணவர் போய், படகையும் விற்ற பிறகு அம்மா கிரீஸ் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஜன்னல் கொக்கி, தையல் மெஷின், தராசுக் கொண்டி, என் அறைத் தாழ்ப்பாள், எல்லாம் அவர் கைபட்டு வழுவழுவென்று இருந்தன. வெயில் காலத்தில் மகள் தூசி துடைக்க முதல் முதலாகக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போன அன்று இதற்கும் போட்டிருக்கிறார். பள்ளத்துக்குள் விரல் போகாததால் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளேயும் போட்டிருக்கிறார். நான் செங்கல்பட்டில் சுத்தம் செய்து கொண்டுவந்து வைத்ததும், இட்லி சாப்பிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் போட்டிருக்கிறார்.

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். கிரீஸில் பாதி கடற்கரை மணல். பல்லும் பள்ளமும் சரியாகத் தொடாமல் போக அதுவே போதும்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கார்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை அடக்கி, "யம்மா, இது இன்னா நம்ம போட் இன்ஜினா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"நீதான சொன்ன, வூட்லயே இதான் ஒசத்தியான சாமான்னு," என்றார் அம்மா. அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒசத்தின்னுதான் மூணு தபா போட்டேன்."

அதற்குமேல் நானும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று புரியாமலேயே எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஸ்பிரிட்டும் பஞ்சும் கேட்டு வாங்கி வந்தாள். கரண்ட் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மென்மையான டூத்பிரஷ்ஷால் பள்ளத்தை நான் தேய்த்தேன். பல்வரிசையை அவள் துடைத்தாள். பஞ்சு பஞ்சாகக் கருப்பு வந்துகொண்டே இருந்தது. வெள்ளைப் பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. காய வைத்து மாட்டி, சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பவும் தைரியம் வரவில்லை, முன்பும் ஒரு சாயங்காலம் ஓடியதுதானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்தையை முடித்துக்கொண்டு அம்மாவும் வந்து உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. நான் திரையைப் பார்க்கவில்லை, கேபினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீலச் சட்ட நம்ம ஆளா?" என்றார் அம்மா.

"ஆமா," என்றாள் மகள்.

"அவ வுழுந்துட்டாளே."

"அடுத்த ரவுண்டுல எந்துருச்சிடுவாம்மா. சும்மா இரு."

திடீரென்று திரை கருத்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போச்சா?" என்றார்.

"இல்ல, ரவுண்டு மாறுது," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

வெளிச்சம் வந்தது. அதன் பிறகு அவள் ஆடிய ஆட்டத்தை நான் முழுசாகப் பார்த்தேன். ஒவ்வொரு கதவுக்கும் முதலில் அவள்தான் போனாள். "நான் போறேன், பின்னால வாங்கடி" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். எதிர்வீட்டு ஆள் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசி ரவுண்டு வரை இழுத்து, அதை இவர்கள் எடுத்தார்கள். போனில் நாலு குரலும் ஒன்றாகக் கூச்சலிட்டன. கூச்சல் அடங்கியதும் தலைவி சொன்னாள்:

"செவ்வாக்கெழம ப்ராக்டீஸு. லேட்டா வந்த, ஒத வாங்குவ."

"வரேன், வரேன்," என்றாள் அவள். அந்தக் குரலில் ஆஸ்பத்திரி இல்லை.

அம்மா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோத்த புள்ளைங்க எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்னு நெனைக்கறேன்."

"மத்தியானம் சாப்டுச்சுங்களா, கேளு."

"யம்மா, அதெல்லாம் கேக்கக் கூடாது."

"இன்னாத்துக்குக் கூடாது? அவ்ளோ நேரம் சண்ட போட்டுகீதுங்க. கேளு."

அவள் தலையில் அடித்துக்கொண்டே கீபோர்டில் தட்டினாள். எதிரணியில் ஒருத்தி எழுதினாள்: இன்னும் இல்லை, உங்க வீட்டில் என்ன குழம்பு?

அவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அம்மா எழுந்து புடவையை உதறினார்.

"சங்கரா மீனுன்னு போடு," என்றார்.