சோம்பேறியும் ஊர்சுற்றியும்

டோர்டிஸ் மீர்வோல் என் பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கவே இல்லை. "திரும்பி நில்லு," என்றார். காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"சின்ன வயசுலேர்ந்து."

"வெயில்ல வேலை செய்வியா?"

"கோடையில புல்லு வெட்டுவோம். ஆடு இருக்கு."

"தொப்பி போட்டுக்கோ. நல்ல மச்சம்தான். வேலைக்கு எப்ப வர்ற?"

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மழை படாமல் இரண்டு உறை போட்டு அந்தச் சான்றிதழைப் பெர்கன் நகரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். கொஞ்சம் வருத்தம்தான். யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் தோலுக்குத்தான் போகும் என்று பிறகு தெரிந்தது. பஸ் டிரைவரின் மூக்கைக்கூட விடமாட்டார்.

தோல் மருத்துவர் அவர். பாதி வாரம் நோயாளிகள், மீதி ஆய்வுக்கூடம். தோல் புற்றுநோயில் சில செல்கள் மட்டும் ஏன் கிளம்பி வேறு உறுப்புக்குப் போகின்றன என்பதைத்தான் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இளம் வயதில் ஒரு மீனவரின் முதுகுக் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து ஒரு குப்பியில் வளர்த்தார். அது பரவிப் போயிருந்த அக்குள் நெறிக்கட்டியிலிருந்து இன்னொரு குப்பி. முதல் குப்பிச் செல்கள் இருந்த இடத்தைவிட்டு நகராததால் எங்கள் கூடத்தில் அதற்குச் சோம்பேறி என்று பெயர், ஓயாமல் நகரும் இரண்டாவதற்கு ஊர்சுற்றி. சோம்பேறியிடம் ஒரு புரதம் இருந்தது, ஊர்சுற்றியிடம் இல்லை. அந்தப் புரதம்தான் செல்லைக் கட்டிப்போடுகிறது என்று எழுதிப் பெயர் வாங்கினார். அதை நம்பி ஒரு மருந்து தயாராகி, இலையுதிர்காலத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாக இருந்தது.

அதற்கு முன் இரண்டு குப்பிகளையும் அந்த மீனவரின் அசல் திசுவோடு ஒப்பிடச் சொன்னார். மெழுகில் பதித்து வைத்திருந்த திசு அது. ஒப்பிட்டேன். நெறிக்கட்டியில் மட்டும் ஒரு மரபணுச் சிதைவு இருந்தது, முதுகுக் கட்டியில் இல்லை. ஆனால் குப்பிகள் இரண்டிலும் இருந்தது.

"மறுபடி பண்ணு," என்றார். பண்ணினேன். அதேதான்.

"குப்பி மாறிப்போச்சா?" என்று கேட்டேன்.

கூடத்தின் மூத்த உதவியாளர் யோருன் இல்லை என்று தலையாட்டினாள். "மாறியிருந்தா ஒண்ணுலதானேடா இருக்கும்? ரெண்டுலயும் இருக்கே. டோர்டிஸ், அந்தக் காலத்துல ரெண்டையும் ஒரே மேசையில திறந்து வச்சிருப்ப. ஒரு சொட்டு தெறிச்சிருக்கும். ஊர்சுற்றி அங்கயும் போய்க் குடியேறி, இருந்தத விரட்டிடுச்சு."

"அப்ப ரெண்டும் ஊர்சுற்றிதான்," என்றார் டோர்டிஸ். "அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் உக்காந்தே இருக்கு?"

"புரதம் இருக்கிறதால," என்றேன்.

"புரதத்த வச்சுக்கிட்டே நெறிக்கட்டி வரைக்கும் போயிருக்கேடா! அப்ப அது எதக் கட்டிப்போட்டுச்சு?"

"போன எடத்துல புரதம் திரும்ப வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்." காபியை வாய்வரை கொண்டுபோய்க் குடிக்காமலே வைத்தார். "என் நோயாளி ஒருத்தி மருந்துக்காகக் காத்துக்கிட்டிருக்கா. நல்லது நடக்கும்னு அவகிட்ட நான்தான் சொன்னேன்."

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு எதுவும் புரியவில்லை. புரிந்துவிட்டது என்று காலையில் ஒருவர் சொல்வார், மதியம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இன்னொருவர் அதைக் கலைத்துவிடுவார்.

எங்கள் கூடத்தில் தப்பு செய்தவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும், தப்பை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். குளிர்பெட்டியைத் திறந்து போட்டதற்கு நான் கொண்டுவந்திருக்கிறேன். டோர்டிஸ் ஒருமுறையும் கொண்டுவந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை பாதாம் கேக்கோடு வந்து நின்றார்.

"ஒரே செல் கூட்டத்த ரெண்டு கூட்டம்னு நெனச்சு இத்தன வருஷம் எழுதியிருக்கேன். மருந்துச் சோதனைய நிறுத்தச் சொல்லிட்டேன். காத்துக்கிட்டிருந்த நோயாளிகிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டேன்."

கேக்கை மேசையில் வைத்தார்.

"இதுக்கு ஒரு கேக் பத்தாது," என்றாள் யோருன். "கல்யாண விருந்தே போடணும் நீ."

டோர்டிஸ்தான் முதலில் சிரித்தார்.

"அப்ப அந்தப் புரதம் சரியா, தப்பா?" என்று கேட்டேன்.

"தெரியலடா, ஐவின். கேக்க வெட்டு."

டோர்டிஸ் இப்போதும் பெர்கனில்தான் இருக்கிறார். பாதி வாரம் நோயாளிகளைப் பார்க்கிறார். மீதி வாரம் புதிய நோயாளிகளிடமிருந்து எடுத்த செல்களை, முதல் கட்டியினுடையதை ஓர் அறையிலும் நெறிக்கட்டியினுடையதை வேறு அறையிலுமாக வளர்க்கிறார். பதில் இன்னும் கிடைக்கவில்லை.